மூன்றாவது குழாய்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இதில் வரும் நேரங்களும் எண்களும் ஞாபகத்திலிருந்து எழுதியவை அல்ல. அன்றிரவு நான் பென்சிலால் குறித்த நோட்டு இப்போது மேசைமேல் திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. இருப்பதில் ஒன்றையும் விடவில்லை, என் தப்பு உட்பட.

என் அக்கா வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். முப்பத்தெட்டு மாடுகள். அங்கே தீவனக் கிடங்கு என் பொறுப்பு. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அத்தான் அந்த வேலையை என் தலையில் கட்டினார். ஒரே நீளமான தகரக் கொட்டகை. குறுக்கே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் காய்ந்த புல், அந்தப் பக்கம் மாடுகள். மாட்டுத் தொழுவத்தின் கோடியை ஒட்டி அக்காவின் வீடு. அங்கே அக்கா, அத்தான், அவர்களுடைய நான்கு வயது மகள். எனக்குக் கிடங்கின் முன்னறை. அதாவது, புல் பற்றினால் அடுத்தது மாடுகள். அதற்கடுத்தது வீடு.

புல்லைப் பற்ற வைக்க யாரும் தீக்குச்சி கொண்டுவர வேண்டியதில்லை. இது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரம் சரியாகக் காயாத புல்லை இயந்திரத்தில் அழுத்திக் கட்டாகக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் போதும். உள்ளே அது புழுங்கத் தொடங்கும். மனிதனுக்குக் காய்ச்சல் வருவதுபோல நாளுக்கு நாள் சூடு ஏறும். வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே கரியாகிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஒருநாள் தானாகவே பற்றிக்கொள்ளும். காற்று உள்ளே போக வழி கிடைத்தால் அந்த நிமிடமே பற்றும்.

அதனால் அத்தான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஏழடி இரும்புக் குழாய்கள் நான்கு. முனை கூர், நுனியில் சின்னச் சின்ன ஓட்டைகள். புல் அடுக்கின் பக்கவாட்டில், என் நெற்றி உயரத்தில், உள்நோக்கிச் சரிவாக அடித்து இறக்கியிருப்பார். நூலில் கட்டிய தெர்மாமீட்டரைக் குழாய்க்குள் விட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கதவில் அவர் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. ஐம்பது வரை கவலை இல்லை. அறுபது என்றால் நாளுக்கு இரண்டு தடவை பார். எழுபது என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எண்பது என்றால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய், கட்டைத் தொடாதே. கடைசி வரி சிவப்பு மையில்: எப்போதும் அடுக்கின் மேலே ஏறாதே. உள்ளே எரிந்து பள்ளம் விழுந்திருந்தால் மேலே நிற்பவன் அப்படியே உள்ளே போய்விடுவான்.

இப்போது என் தப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. வழியில் மழை. தார்ப்பாய் கிழிந்திருந்தது. நானூறு கட்டில் நாற்பத்தாறு நனைந்திருந்தன. நனைந்ததைத் தனியாக வெளியே, முப்பதடி தள்ளிப் போட வேண்டும் என்பது அத்தான் சொல்லிச் சொல்லிக் கேட்டது. ஆனால் அந்த லாரியைப் பேசி அமர்த்தி அனுப்பியவன் நான். நாற்பத்தாறு கட்டு வெளியே வெயிலில் கிடந்தால் போகிற வருகிற ஆள் எல்லாம் கேட்பான். அத்தான் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். அவர் திட்டினால்கூடத் தாங்கலாம், சிரித்தால் தாங்க முடியாது. நனைந்த கட்டுகளை அடுக்கின் நட்டநடுவில் வைத்தேன். புழுங்காமல் இருக்க உப்பைத் தூவினேன். சுற்றிலும் இருக்கிற காய்ந்த புல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது குழாய் சரியாக அந்த இடத்தில்தான் இறங்கியது. முதல் குழாய் காய்ந்த ஓரத்தில் இருந்தது, அதை நான் பார்ப்பதில்லை.

ஆறாம் நாள் இரண்டாவது குழாய் 44. நான்காவது 43. ஈரமான இடத்தில் இருந்த மூன்றாவது... 37.

எனக்குச் சந்தோஷம். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது 55. நான்காவது 53. மூன்றாவது 37. பத்தாம் நாளும் 37. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன். 37. காலையில் 37, நண்பகலில் 37. அரை டிகிரி கூட ஏறவில்லை, இறங்கவில்லை. அத்தான் கேட்கும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் சொன்னேன்.

"நடுவுல எவ்ளோ மாப்ளே?"

"முப்பத்தேழு அத்தான்."

"பக்கத்துலயும் அதேதானா?"

"கிட்டத்தட்ட."

அவர் தலையாட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெளியூரில் மாடு பார்க்கப் போனார். திரும்ப இரண்டு நாள் ஆகும். அது பன்னிரண்டாம் நாள், மாலை 4.00.

மாலை 6.00. இரண்டாவது 66. மூன்றாவது 37. நான்காவது 64.

அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடா காய்ச்சல் பார்த்த?"

"புல்லுக்கு."

"முப்பத்தேழுன்னு போட்டிருக்கே. மாட்டுக்கே முப்பத்தெட்டரை. இது மனுஷ சூடுடா."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். ஏழு நாள். நாளுக்கு இரண்டு தடவை. எல்லாம் ஒரே எண். மனித உடம்பின் சூடு.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

பேய் என்று நினைக்கவில்லை. ஆள் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் நேராகப் பால் கறக்கிற அண்ணன் மேல் போனது. வாய் ஓயாமல் பேசுவார், அதனால் பண்ணையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். கூப்பிட்டால் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பார். தொழுவத்தின் ஓரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார். ஒரு வாரமாக அவர் கிடங்குப் பக்கம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்துவதைக் கவனித்திருந்தேன். கட்டுகளை உருவி உள்ளே இடம் பண்ணி, யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். மாடுகள் படுக்கவில்லை. முப்பத்தெட்டும் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. செங்கல் சுவரைப் பார்த்து.

இரவு 10.00. இரண்டாவது 71. நான்காவது 70. தாளின்படி இனி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்போதே போன் செய்திருக்கலாம். செய்திருந்தால் அடுக்கைப் பிரிப்பார்கள். பிரித்தால் நாற்பத்தாறு கட்டும் வெளியே வரும். எண்பது ஆகட்டும் என்று விட்டேன். முப்பத்தெட்டு மாடுகளையும் அக்காவையும் குழந்தையையும் வைத்து நான் ஆடிய ஆட்டம் அது. 

10.20. மூன்றாவது குழாயில் விட்ட தெர்மாமீட்டரை இழுத்தேன். 37.

நூலைப் பார்த்தேன்.

நான் எப்போதும் ஒரு முடிச்சுதான் போடுவேன். இப்போது இரண்டு இருந்தன. இரண்டாவது முடிச்சு இறுக்கமாக, சின்னதாக, ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது.

குழாயின் வாய் இரண்டு விரல் அகலம். நுனியில் இருப்பது கடுகு அளவு ஓட்டை.

நேராக ரேடியோவின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். தூங்கவில்லை போலிருக்கிறது, உடனே திறந்தார்.

"உள்ள யாரைப் படுக்க வச்சிருக்கீங்க?"

"எங்க?"

"புல்லுக்குள்ள."

"தம்பி, எழுபது டிகிரியில யாரு படுப்பா? வேகறதுக்கா?"

"உங்களுக்கு எப்படி எழுபதுன்னு தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க தூங்குனப்புறம் நானும் பார்ப்பேன். ஈரக் கட்டு நாப்பத்தாறையும் நடுவுல அடுக்குனீங்களே, பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"அத்தான்கிட்ட ஏன் சொல்லல?"

"முதலாளி மச்சான் மேல முதலாளிகிட்டயே சொல்லிட்டு, அப்புறம் நான் எங்க போய் பால் கறக்கறது?"

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. முடிச்சைக் காட்டினேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வழியெல்லாம் பேசினார். எலி, பெருச்சாளி, பூனை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முடிச்சுப் போடுகிற பெருச்சாளியைத் தான் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

10.55. மூன்றாவது குழாயின் வாயில் காதை வைத்தார்.

பேச்சு நின்றது.

அரை நிமிடம் இருக்கும். காதை எடுக்கவில்லை. 

"என்ன கேக்குது?"

 சுவரில் மாட்டியிருந்த கொக்கியை எடுத்தார். கட்டை இழுக்கிற நீளக் கொக்கி.

"தம்பி, திறக்கலாம்."

"எதுக்கு?"

"திறக்கலாம் தம்பி. ரெண்டே ரெண்டு கட்டு."

எழுபது டிகிரியில் அடுக்கைத் திறந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாகப் பண்ணையில் இருக்கிறவர். தெரிந்துகொண்டே திறக்கச் சொல்கிறார். அந்த ஒரு நிமிடம், இந்த ஆள் வேண்டுமென்றே எங்களை எரிக்கப் பார்க்கிறார் என்று நான் முழுசாக நம்பினேன். கொக்கியைப் பிடுங்கினேன். அவர் விட்டுவிட்டார்.  திரும்பிப் போய்விட்டார்.

நான் குழாயில் காது வைக்கவில்லை. தைரியம் வரவில்லை. கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரேடியோவின் அறையில் விளக்கு அணையவே இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.00. இரண்டாவது 76. நான்காவது 75. மூன்றாவது 37.

சர்க்கரை கருகுகிற வாசனை வந்தது. தகரக் கூரையின் உட்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஒன்றிரண்டு கீழே சொட்டியது. டப்... டப்...

2.10. தெர்மாமீட்டரைத் திரும்ப மூன்றாவது குழாயில் விட்டேன். நூல் கையில் இருந்தது.

நூல் இறுகியது.

மெதுவாக. இரண்டு தடவை.

மீன் இழுப்பது போல் இல்லை. கதவைத் தட்டுவது போல. அளவாக.

நூலை விட்டுவிட்டேன். அது சரசரவென்று குழாய்க்குள் போனது. ஏழடிக் குழாய்க்கு நூல் எட்டடி. ஆனால் சத்தம் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது...

2.45. மாற்றுத் தெர்மாமீட்டரில் இரண்டாவது குழாய் 81.

2.52. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் நிதானமான ஆண் குரல். இடத்தைச் சொன்னேன். 81 என்று சொன்னேன்.

"எதையும் இழுத்தீங்களா?"

"இல்ல."

"இழுக்காதீங்க. தண்ணி வண்டி பக்கத்துல வந்து நிக்காம ஒரு கட்டைக்கூடத் தொடக் கூடாது. காத்து போனா முடிஞ்சுது. மாட்டை அவுத்து விடுங்க. வீட்டு ஆளுங்களை வெளிய கொண்டாங்க. நாப்பது நிமிஷத்துல வந்துடறோம்."

நான் கத்திக் கூப்பிட்டதும் ரேடியோ தொழுவத்துக்கு ஓடினார். என்னைக் கடக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. கயிறுகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. மாடுகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

3.03. அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

வாசல் கதவைத் தள்ளித் திறந்தேன்.

கட்டில் காலி. அக்கா இல்லை. குழந்தையும் இல்லை. போர்வை தரையில் கிடந்தது.

கிடங்குக்குத் திரும்பி ஓடினேன். ஏணி அடுக்கின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் நானே அதைத் தரையில் படுக்க வைத்தது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது.

ஏணியின் உச்சியைப் பார்த்தேன். அடுக்கின் மேல்பரப்பு... நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது.

அத்தானின் சிவப்பு மை வரி.

"டேய்..."

குழாய்க்குள்ளிருந்து வந்தது.

"டேய்... இங்க இருக்கேன்டா..."

அக்காவின் குரல்.

"ஏறிப் பார்த்தேன்டா. உள்ள விழுந்துட்டேன். பாப்பாவும் இருக்கா. ரெண்டு கட்டை எடுடா, வந்துடறேன்."

போனில் கேட்ட எதுவும் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கொக்கியை மாட்டினேன். இழுத்தேன். முதல் கட்டு வந்தது. கை சுட்டது. இரண்டாவது கட்டு வந்தது. ஓரமெல்லாம் பழுப்பு. பின்னாலிருந்து புகை திரண்டு வந்து முகத்தில் அடித்தது. இருமினேன். கண் எரிந்தது.

"இன்னும் ஒண்ணு."

மூன்றாவது கட்டில் கொக்கியை மாட்டினேன். அந்த இடைவெளிக்குள், கறுப்புக்கு நடுவில், சிவப்பாக ஒரு கோடு ஓடியது. காற்றைத் தேடிக்கொண்டு வருவதுபோல ஓடியது.

"இழுடா. இன்னும் ஒண்ணுதான்."

"அங்க என்னடா பண்ற?"

பின்னாலிருந்து.

திரும்பினேன். வாசலில், முற்றத்து விளக்கின் கீழே, அக்கா. இடுப்பில் குழந்தை. காலில் செருப்பில்லை. மாடுகள் கத்தின சத்தத்தில் எழுந்து, பின்வாசல் வழியாக முற்றத்துக்கு வந்திருக்கிறாள். இது பிறகு தெரிந்தது.

கொக்கியைப் பிடித்திருந்த கையில் கடிகாரம். 3.11.

உள்ளிருந்து குரல் வந்தது. அதே குரல். கோபமே இல்லாமல்.

"அவ பேச்சைக் கேக்காதே."

இரண்டு அக்கா.

ஒருத்தி வெளியே. ஒருத்தி உள்ளே.

எது என் அக்கா?

 இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். வாசலில் நின்றவளும் இருமினாள். குழந்தையும் இருமியது.

உள்ளே இருந்தவள் மட்டும் இருமவில்லை.

அத்தனை புகைக்கும் நடுவில். ஒரு தடவைகூட.

கட்டைத் திரும்பத் தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். இரண்டாவது. முதலாவது. தீக்கென்று தண்ணீர்த் தொட்டியில் எப்போதும் ஊறப் போட்டிருக்கும் சாக்குகளை எடுத்து இடுக்கு இடுக்காக அடைத்தேன். சட்டைக் கை கருகியது. உள்ளே அது பேசிக்கொண்டே இருந்தது.

"டேய்... டேய்... டேய்..."

ஒரே அளவில். ஒரே இடைவெளியில். கடிகாரம் போல.

3.16. நின்றது.

3.36. தீயணைப்பு வண்டி வந்தது.

நாங்கள் தள்ளி, வேலியோரம் நின்றோம். மாடுகள் எல்லாம் மேய்ச்சல் நிலத்தில். அவர்கள் முதலில் வண்டியின் தண்ணீர்க் குழாய்களை நீட்டி அடுக்கை நனைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கட்டாக இழுத்து, இழுத்த கட்டை உடனே நனைத்தார்கள். நடுவரை போனபோது ஒரு பெரிய மூச்சு விட்டதுபோலச் சத்தம் கேட்டது. தீ மேலே எழுந்தது. தண்ணீர் தயாராக இருந்ததால் பத்து நிமிடத்தில் அடங்கியது. நானூறு கட்டும் போனது. ஒரு மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுச் சுவர்கூடச் சுடவில்லை.

உள்ளே ஆள் யாரும் இல்லை. எலும்பு இல்லை. துணி இல்லை. வந்தவர்களில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுற்றிலும் கரி. நடுவில் ஒரு பள்ளம், ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். மூன்றாவது குழாயின் நுனி அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் உட்பக்கத்துப் புல் மட்டும் பச்சையாக இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அழுந்தினது போல வழவழப்பாக இருந்தது.

"எரிஞ்சு பள்ளம் விழும், பார்த்திருக்கோம். பச்சையா ஒரு பள்ளம் இப்பதான் பார்க்கிறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் பையன் குரல் தம்பி" என்றார். "விடுதியில படிக்கிறான்ல, அவன். அப்பா, இருட்டா இருக்குன்னான். அறைக்குப் போனதும் விடுதிக்குப் போன் போட்டேன். எழுப்பிக் குடுத்தாங்க. அவன்தான் பேசுனான். அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரல. அதான் விளக்கு போட்டே உக்காந்திருந்தேன்."

அவரைச் சந்தேகப்பட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேறு எதுவும் பேசவில்லை. அன்று முழுக்கவே பேசவில்லை.

அத்தான் வந்ததும் நாற்பத்தாறு கட்டையும் பற்றிச் சொல்லிவிட்டேன். முடிச்சு முதல் குரல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே நனைஞ்சது எங்க போகும்?"

"வெளிய அத்தான். முப்பதடி தள்ளி."

"யாரு சிரிச்சாலும்?"

"யாரு சிரிச்சாலும்."

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பயத்தில் காது என்னென்னவோ கேட்கும், புகை மூளையைக் கலக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் தொடங்கியிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, காலை 11.20க்கு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். சின்ன அறை. ஒரு மேசை, ஒரு போன், ஒரு தடிமனான பதிவேடு. அன்றிரவு என்னிடம் பேசியவர்தான் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். அவரும் என்னைத் தெரிந்துகொண்டார். நாற்காலியைக் காட்டினார்.

"ஒண்ணு கேக்கணும் சார்" என்றார். "ரெண்டாவது தடவை ஏன் போன் பண்ணீங்க?"

"ரெண்டாவது தடவை நான் பண்ணலியே."

அவர் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

2.52. என் எண்.

அதன் கீழே, 3.11. என் எண்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதியில் ஒரே ஒரு அழைப்பு. 2.52. அந்த நேரம் முழுக்கப் போன் என் சட்டைப் பையில் இருந்தது. என் இரண்டு கையும் கொக்கியில் இருந்தன.

"யாரோ விளையாடியிருப்பாங்க" என்றேன்.

"உங்க குரல்தான் சார். இப்ப கேக்கறேன்ல, இதே குரல். வண்டியைத் திருப்பச் சொன்னீங்க. நேர்ல பார்க்காம நாங்க வண்டியைத் திருப்பறதில்ல. அதனாலதான் வந்தோம்."

பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வது அங்கே வழக்கமாம். அழைத்தவர் சொன்னது என்ற கட்டத்தில் நீல மையில் எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். பிறகு என் நோட்டை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, எழுத்து மாறாமல் நகல் எடுத்துக்கொண்டேன்.

"வர வேண்டாம். திறந்தாச்சு. எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."

அடுத்த கட்டம், உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது. அவர் கேட்டிருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது.

"ஐந்து."

அன்றிரவு பண்ணையில் இருந்தது நான், அக்கா, குழந்தை, ரேடியோ.

நாங்கள் நான்கு பேர்.